வால்டாவின் பிறந்தநாள் பை

வால்டாவுக்கு எழுபத்தைந்து முடிந்த அந்தச் சனிக்கிழமை, அவள் கண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் வாலரூ க்ரீக்கில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி நான்.

முழுக்கக் குருடு என்று நினைத்துவிடாதீர்கள். எதிரே நிற்கிறவரின் தொப்பி தெரியும், காது தெரியும், தோளுக்குப் பின்னால் நிற்கிற யூகலிப்டஸ் மரம்கூடத் தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், ஈரக் கையால் அழித்த சிலேட்டு மாதிரி ஒரு சாம்பல் திட்டு. எதை நேராகப் பார்க்கிறாளோ அது காணாமல் போய்விடும். ஓரக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சும். இது ஏறத்தான் ஏறும், இறங்காது என்று ராக்ஹாம்ப்டன் கண் டாக்டர் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

அந்த ராக்ஹாம்ப்டனுக்கு நாங்கள் போய்வந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வால்டாவின் மகள் கெரில் அந்த ஊரில்தான் இருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. என் வண்டியின் பின் சீட்டில் போர்வைக்கடியில் படுத்துக்கொண்டு வால்டா அந்தத் தெருவைக் கடந்தாள். சொந்த மகளுக்குப் பயந்து போர்வைக்குள் ஒளிந்துகொள்கிற அளவுக்கு அவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வால்டா ஊருக்கு வெளியே, கல் தோண்டுகிற பொட்டல் நிலத்தில், தகரக் கொட்டகையில் தனியாக இருக்கிறாள். அவளும் அவள் கணவர் லெஸ்ஸும் கட்டியது. லெஸ் போய் வெகுகாலம் ஆகிறது. காலையில் எழுந்து ஒரு வாளி சரளை அள்ளுவாள், சலிப்பாள், கழுவுவாள், சல்லடையைக் கவிழ்த்துவிட்டு நடுவில் நீலக்கல் ஏதாவது மின்னுகிறதா என்று பார்ப்பாள். விற்பதற்காக இல்லை. கிடைத்ததை ரொட்டியில் தடவுகிற வெஜிமைட் தீர்ந்த ஜாடியில் போட்டு ஜன்னலில் வைப்பாள், அவ்வளவுதான். இந்த ஊரில் எங்கள் எல்லோருக்கும் உள்ள பைத்தியம், அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். போன வருஷம் அவள் வண்டியை ஓடைக்குள் இறக்கிவிட்டபோது கெரில் ஓடி வந்து, அழாமல் கத்தாமல் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் ஏதாவது ஒன்று ஆனால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று. அறைகூடத் தயார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"அங்க போனா நான் கண்ணாடி அலமாரியில சீட்டு ஒட்டி வெச்ச கல்லுடி ஐடா," என்றாள் வால்டா, திரும்பி வருகிற வழியில், இப்போது முன் சீட்டில். "தூசி தட்டுவாங்க. எடுத்துப் பார்க்க மாட்டாங்க."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முக்கியமாக மெர்லிடம்.

மெர்ல் எங்கள் கல் சேர்ப்போர் சங்கத்தின் செயலாளர். கெட்டவள் என்று நினைக்காதீர்கள். கல்லறுக்கும் மிஷின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். கண் சரியில்லாதவர் மிஷினைத் தொடக்கூடாது என்பது சங்கத்து விதி, அதை எழுதியவளே அவள்தான். கெரிலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் போனில் பேசுகிறார்கள். மெர்லுக்குத் தெரிந்தால் கெரிலுக்குத் தெரிந்த மாதிரி.

மாதக்கணக்கில் ஏமாற்றிவிட்டோம். அதன் பிறகு பிறந்தநாள் வந்தது.

எங்கள் சங்கத்தில் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஊதுவதெல்லாம் கடைசியில்தான். முதலில் பை. ஒரு பழைய மாவுப் பைக்குள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறந்தநாள்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, என்ன கல், எந்த ஊர் மண்ணில் கிடைத்தது, யார் போட்டது என்று மூன்றும் சொல்லவேண்டும். சொன்னால் கல் அவருக்கு. தப்பினால் கல் சங்கத்துக்கு, அவர் மிஷின் தொட்டியில் தேங்கிய சேற்றை அள்ளவேண்டும். நடுவில் ஒரு போலியும் இருக்கும். ஒரு வருஷம் சாக்லேட்டை மண்ணில் புரட்டிப் போட்டார்கள். இன்னொரு வருஷம் போட்டது என்னவென்று சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், கங்காருவுக்குத்தான் தெரியும். வால்டா இத்தனை வருஷத்தில் சேறு அள்ளியதே இல்லை. அவள் பை பிரிக்கிற அன்று பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வரும்.

காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். படுத்தால் மெர்ல் சூப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவாள் என்றாள். வந்தால் தடவிக் கண்டுபிடிக்க உப்பு டப்பாவில் சுற்றியிருக்கிற ரப்பர் பேண்டைப் பார்ப்பாள், அடுப்புத் திருகில் ஒட்டியிருக்கிற மெழுகைப் பார்ப்பாள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆகவே போய்த்தான் ஆகவேண்டும்.

யார் என்ன கல் போடுகிறார்கள் என்று நான் வீடு வீடாக உளவு பார்க்கக் கிளம்பினேன். டீ குடிக்கிற சாக்கில் கேட்டால் எல்லோரும் உளறிவிட்டார்கள். ஸ்லாவ்கோவைத் தவிர. ஸ்லாவ்கோ குரோஷியாவிலிருந்து இளம் வயதில் கல் தோண்ட வந்தவன், எங்கள் கூட்டத்தின் பெரிய வாயாடி. வால்டாவைக் கிழவி என்று கூப்பிட்டு அடி வாங்காமல் நடமாடுகிற ஒரே ஆள். அவன் மட்டும் வாய் திறக்கவில்லை. என் வாயில் எதுவும் நிற்காதாம். நான் எதை வாயில் அடக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

அவன் கல் பையிலிருந்து வந்ததும் அது என்ன கல் என்று டீ கோப்பையில் ஸ்பூனால் தட்டிச் சைகை காட்டட்டுமா என்று வால்டாவிடம் கேட்டேன். ஒரு தட்டு என்றால் அகேட், இரண்டு என்றால் ஜாஸ்பர். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தந்தி ஆபீஸ் திறக்கப்போகிறாயா என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. மேசைமேல் கற்களைக் கொட்டச் சொன்னாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளங்கையில் தூக்கிப் போட்டுக் கனம் பார்த்தாள், பல்லில் மெல்லத் தட்டினாள், நாக்கு நுனியால் தொட்டாள், கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. கண்ணாடிச் சில்லைப் புஷ்பராகம் என்றுவிட்டாள். அவ்வளவு சிறிய தவறுக்கே அவள் முகம் வெளுத்துப்போயிற்று. வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வந்து அந்தச் சில்லையும் ஒரு புஷ்பராகத்தையும் மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி சீக்கிரம் சூடாகிவிடும், புஷ்பராகம் குளிர்ச்சியை விடாது. அன்று முழுக்க அதையேதான் செய்தாள். கன்னம் சிவந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் வண்டியில் பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லி நான்தான் அழைத்துப்போனேன். யாரும் வருவதற்கு முன்பே சங்கத்துக்குப் போய், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். அறைக்குள் வந்தவர்களை அவள் காலடியிலும் இருமலிலும் கண்டுபிடித்தாள். ஒருவர் கனைத்துக்கொண்டே வந்தார். "என்னய்யா, தபாலாபீசை விட்டு வந்தும் இன்னும் அந்தத் தூசி போகலையா," என்றாள் இவள். வெளியே சாஸேஜ் பொரிகிற புகை, உள்ளே தேங்காய்த் துருவல் பூசின லாமிங்டன் கேக் தட்டுமேல் ஈ. எல்லாம் வழக்கம்போல.

ஸ்லாவ்கோ வந்தான். "ஏ கிழவி, இன்னும் உயிரோடதான் இருக்கியா. நான் இரங்கல் பேச்செல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சேனே."

"டேய், உன்னைப் புதைக்கிற அன்னைக்கு அந்தப் பேச்சை நான் பேசறேன். பேரை மட்டும் மாத்திக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சரியாக அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், குரல் வந்த இடத்தைக் குறிவைத்து.

பை வந்தது. முதல் கல்லை எடுத்ததும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அவள் முன்பெல்லாம் அப்படித்தான் செய்வாள், ஆகவே இப்போதும் செய்யவேண்டும். லென்ஸில் தெரிவதோ சாம்பல். அதை உற்றுப் பார்க்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, விரலால் படித்தாள். இரும்புக் கல், மேற்கே சுரங்கத்து மண், போட்டவர் இன்னார். சரி. அடுத்தது அகேட், சரி. மூன்றாவதை நாக்கில் வைத்ததுமே துப்பினாள்.

"இது கல்லே இல்ல. நம்ம சங்கத்துக் கக்கூஸ் சுவரு. ஸ்லாவ்கோ பூசினது, அதான் அதுக்குள்ளயே உதிர்ந்திருக்கு."

சங்கக் கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. போலியைப் பிடித்துவிட்டாள், இனி எல்லாம் உண்மைக் கல்தான் என்று நான் மூச்சு விட்டேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். மெர்ல் போட்ட கல் வந்தது. சின்னது, நிறமில்லாதது. கன்னத்தில் வைத்தாள். எடுக்கவில்லை. மெர்ல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் பார்வை லென்ஸிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து லென்ஸுக்கும் போய்வந்தது.

"புஷ்பராகம். கிழக்கே ஓடை மணல்ல. மெர்ல், நீதானே," என்றாள் வால்டா.

மெர்ல் தலையசைத்தாள். தலையசைத்தது வால்டாவுக்குத் தெரியாது என்று சட்டென்று உறைத்து, "சரியாப் போச்சு," என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஸ்லாவ்கோவின் கல்.

கைக்கு அடக்கமாக, பன் ரொட்டி மாதிரி வழவழப்பான கல். அதைப் பையிலிருந்து அவள் எடுத்ததும் நான் பார்த்தேன். கல்லின் இந்த முகம் முழுக்க மஞ்சள் பெயின்டில் பெரிய எழுத்து, 'பிறந்தநாள் வாழ்த்துகள் வால்டா' என்று. திருப்பினால் அந்த முகம் முழுக்கப் பொடிப் பொடியாக எல்லோருடைய கையெழுத்தும், ஆளுக்கொரு வரி நக்கலும். என்னைத் தவிர எல்லோரும் எழுதியிருந்தார்கள். அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக வார்னிஷ், எழுத்து இருக்கிற சுவடே விரலுக்குத் தட்டாத அளவுக்கு.

எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். அவள் படித்துவிட்டுச் சிரிக்கப்போகிறாள், திட்டப்போகிறாள், அதற்காகக் காத்திருக்கிற முகங்கள். வால்டா லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் எழுத்துக்கு ஒரு விரல் தூரத்தில் லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தாள். விரல் தடவியது. கன்னத்தில் வைத்தாள். புருவம் சுருங்கியது.

"குளிர்ச்சி கம்மியா இருக்கு," என்றாள். "ஸ்லாவ்கோ பாக்கெட்டுல கெடந்த சூடு. கல்மரம். சிஞ்சில்லா பக்கத்து மண்ணு. ரேகை நல்லா ஓடியிருக்கு, பாலிஷும் நல்லா வந்திருக்கு. உனக்கு இவ்வளவு பொறுமை எங்கடா இருந்து வந்துச்சு."

குனிந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே சாஸேஜ் கருகிக்கொண்டிருந்தது.

அப்புறம் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், என்னமா நடிக்கிறாள் என்று. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். வால்டாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. ஸ்லாவ்கோ பாவம், அவனும் அதை நம்பினான். "நடிச்சது போதும் கிழவி. படிச்சுக் காட்டு. எல்லாரும் கேக்கட்டும்."

படி என்றதும் கல்மேல் ஓடிக்கொண்டிருந்த அவள் கட்டைவிரல் நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன், அது நின்றதைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக அவளை எனக்குத் தெரியும். அவ்வளவு வேகமாக ஒருத்தியின் மூளை ஓடி நான் பார்த்ததில்லை.

"இந்த அசிங்கத்தையெல்லாம் நாலு பெரிய மனுஷங்க முன்னால வாய் விட்டுப் படிக்கிறதா," என்றாள்.

சிரிப்பு வெடித்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். நானும் கையைத் தட்டிச் சிரித்தேன், தேவைக்கு மேலேயே சிரித்தேன்.

மெர்ல் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து வந்து வால்டாவின் எதிரே நின்றாள்.

"என் பேரு எங்க இருக்கு வால்டா? தொட்டுக் காட்டுங்க."

கேட்ட குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் வால்டா சண்டை போட்டிருப்பாள். அவள் விரல் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஏதாவது கிடைக்காதா என்று வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் இத்தனை மாதம் யார் எதிரிலும் செய்யாமல் காத்துவைத்திருந்ததைச் செய்துவிட்டாள். கோழி தரையில் தானியத்தைப் பார்க்கிற மாதிரி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக் கண்ணைக் கல்லுக்குக் கொடுத்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"மஞ்சளா என்னவோ இருக்கு," என்றாள். பிறகு கல்லை மேசைமேல் வைத்தாள். "தெரியல மெர்ல். உன் பேரும் தெரியல, உன் மூஞ்சியும் தெரியல."

ஸ்லாவ்கோ தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். வார்னிஷ் அதிகமாகப் பூசிவிட்டேன் என்றான். அவ்வளவு பூச்சுக்குக் கீழே யாருக்குத்தான் தெரியும், என் கண்ணுக்கே தெரியவில்லை என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னான். மஞ்சள் எழுத்து வாசலில் நிற்கிற நாய்க்குக்கூடத் தெரிகிற அளவுக்கு இருந்தது.

வால்டா கை நீட்டி மெர்லின் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிபட்டது கழுத்துச் சாவிக் கயிறு. விடவில்லை.

அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், மிஷின் பக்கமே வரமாட்டேன், குழி தோண்ட மாட்டேன், ஐடா தினமும் வந்து பார்ப்பாள், கெரிலிடம் மட்டும் சொல்லாதே. இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள், சொற்களின் வரிசை மட்டும் மாறியது. அத்தனை பேர் நடுவில் அந்தக் குரலைக் கேட்கமுடியாமல் ஆண்கள் இரண்டு பேர் வெளியே போய் சாஸேஜைத் திருப்பினார்கள், அது எப்போதோ கரியாகிவிட்டது.

மெர்லின் கண் கலங்கிவிட்டது. "எங்க திரும்பினாலும் பழைய குழி வால்டா. நான் வாய மூடிக்கிட்டு இருந்து, நாளைக்கு நீங்க ஒண்ணுல விழுந்து கெடந்தா, கெரில் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

வால்டா கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது சுவரில் போன் அடித்தது.

வால்டாவின் கொட்டகையில் சிக்னல் கிடையாது. ஆகவே பிறந்தநாளன்று கெரில் சங்கத்துக்குத்தான் கூப்பிடுவாள். வருஷா வருஷம் அதே நேரம், எடுப்பது மெர்ல்தான். நாங்கள் எல்லோரும் மெர்லைப் பார்த்தோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெர்ல் கயிற்றைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போய் எடுத்தாள்.

"இங்கதான் இருக்காங்க கெரில். இரு, தரேன்." வேறொன்றும் சொல்லவில்லை. ரிசீவரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வால்டா எழுந்தாள். நடந்தாள். ரிசீவருக்காக நீட்டிய கை ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. மெர்ல் அதை எடுத்து ரிசீவர்மேல் வைத்தாள்.

மறுமுனையில் கெரில் என்ன பேசினாள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. வாழ்த்துப் பாட்டு மட்டும் லேசாகக் கேட்டது. பாட்டு முடிகிற வரைக்கும் வால்டா நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பை பிரிச்சாச்சு," என்றாள். "இல்ல, ஒண்ணு தப்பிட்டேன். ஆமா, நான்தான். கெரில், கேளு. கண்ணு போச்சு. பொய் சொல்லல. நடுவுல எதுவும் தெரியல, ஓரமாத்தான் தெரியுது. டாக்டர்கிட்ட போனேன், உங்க ஊருக்குத்தான் வந்தேன். உன் தெரு வழியாத்தான் போனேன்."

பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றாள். கெரில் கத்துகிறாள் போலிருக்கிறது, இப்போது வால்டாவும் கத்துவாள், அவள் சண்டையில் தோற்றதே இல்லை என்று நான் ஒரு நம்பிக்கையில் நின்றேன். ஆனால் வால்டாவின் தோள் இறங்கிக்கொண்டே வந்தது.

"அழாத," என்றாள். "அழாத கெரில். நீ திட்டுவேன்னு நெனச்சேன். திட்டு, பரவாயில்ல. இப்படி அழுதா நான் என்ன பண்ணுவேன்." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சரி. சரிடா. வரேன். உங்கூட வரேன். அழாத."

எத்தனை மாத ஏற்பாடு. போர்வைக்குள் ஒளிந்தது, உப்பு டப்பா, கன்னம் சிவந்தது, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று. மகள் இழுத்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். அழுதாள், அதனால் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

போனை வைப்பதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டாள். "முதல் மழை வரைக்கும் விடு. மழை பெஞ்ச மறுநாள் காலைல ஒரு தடவை நடந்துட்டு வந்துடறேன். அவ்வளவுதான் கேக்கறேன்."

அது எங்களுக்குப் புரிந்தது. பெரிய மழை பெய்த மறுநாள், தூசியெல்லாம் கழுவிப் போய், சூரியன் தரையோடு தரையாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், மண்ணுக்கு மேலேயே கிடக்கிற நீலக்கல் மின்னும். தோண்டவேண்டாம், குனிந்து எடுத்தால் போதும். அன்றைக்கு ஊரில் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். கெரில் சரி என்றிருக்கிறாள்.

வால்டா வந்து உட்கார்ந்தாள். கல்லைத் தேடி எடுத்து ஸ்லாவ்கோ பக்கம் நீட்டினாள். "படிடா இப்போ."

ஆளுக்கொரு வரி, எழுதியவரே படித்தார்கள். 'எழுபத்தஞ்சு வருஷமா உருள்ற, இன்னும் மொனை மழுங்கல' என்றது ஸ்லாவ்கோவுடையது. படிக்கும்போது அவன் குரல் எங்கெங்கோ போயிற்று. கடைசியாக மெர்லிடம் வந்தது. அவள் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரம் என்ன, அப்புறம் படிக்கிறேன் என்றாள். வால்டா விடவில்லை.

"நூறு வயசு வரைக்கும் இங்கயே இருந்து எங்க உயிரை வாங்குங்க," என்று மெர்ல் படித்தாள். படித்துவிட்டுக் கல்லைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வது. கல் தேடுகிற ஊரில் மழைக்காக ஏங்காத ஆள் கிடையாது. அந்த வருஷமோ மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது, தண்ணீர் லாரியில் வந்தது. மழை வேண்டாம் என்று நினைக்கப் பயமாக இருந்தது. வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சங்கத்தில் யாரும் வானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சுவரில் தொங்கிய காற்றழுத்தமானியை யாரோ திருப்பி மாட்டிவிட்டார்கள். கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் மேகம் கூடுகிறது, நல்லதுதான் என்று பேச்சுக்குச் சொல்லப்போக, ஸ்லாவ்கோ அவரை அடிக்கப் போய்விட்டான்.

நான் என் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வால்டாவின் கொட்டகைக்குப் போனேன். அவள் வண்டிச் சாவி மெர்லிடம் இருந்தது. தினமும் விடிந்ததும் சூரியனுக்கு எதிரே நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து நடக்கப் பழகினாள். நான் ஜாடியிலிருந்து ஒரு கல்லைத் தரையில் போடுவேன், அவள் தேடுவாள். முதல் வாரம் இரண்டு முறை கண்டுபிடித்தாள். அப்புறம் ஒரு முறை. அப்புறம் இல்லை. சாம்பல் திட்டு ஓரத்துக்கும் பரவிக்கொண்டிருந்தது. இன்னும் கிட்டத்தில் போடட்டுமா என்று கேட்டேன். "காலடியிலதானே போட்ட," என்றாள். ஆமாம், காலடியில்தான் போட்டிருந்தேன். மழை சீக்கிரம் வரட்டும் என்று வேண்டுவதா, வராமலே போகட்டும் என்று வேண்டுவதா, நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் தகரத்தின்மேல் முதல் துளி விழுந்தது. நாங்கள் மட்டன் வெட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் கத்தியை வைத்தோம். துளி சேர்ந்து சரமாகி, பேசினால் கேட்காத அளவுக்குக் கொட்டியது. வால்டா கையை வெளியே நீட்டி நனையவிட்டாள். அவள் முகத்தில் இருந்ததை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடியும்போது சங்கத்தார் எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே காலடி வைக்கவில்லை, அவள் நடக்கட்டும் என்று. ராத்திரியே கிளம்பிவிட்ட கெரில், ஓடைத் தண்ணீர் வடிகிறவரை காத்திருந்து, சேறு படிந்த வண்டியோடு வந்து இறங்கினாள். வால்டா அதற்குள் பாதி நிலம் நடந்துவிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்தாள். குனிந்தாள், வெறும் கையோடு நிமிர்ந்தாள். ஈரத் தரை முழுக்க ஆயிரம் மினுக்கம், எனக்கே கண் கூசியது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

கெரில் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவள் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்துபோய், அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா பாக்கணும்?"

"சூரியனைப் பாத்து நட. கண்ணைக் கீழ வை. குண்டூசி மாதிரி குத்தும், அதை விடாத."

கெரில் குனிந்து ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். வால்டா அதைக் கன்னத்தில் வைத்தாள். பீர் பாட்டில் சில்லு என்று சொல்லித் தூர எறிந்தாள். இன்னும் கொஞ்சம் நடந்து இன்னொன்று. அதுவும் பீர் பாட்டில். இன்னொன்று குவார்ட்ஸ், ஒன்றுக்கும் உதவாது. வேலிக்கு வெளியே ஸ்லாவ்கோ, அந்த இடத்தில் குடித்துவிட்டுப் பாட்டிலைப் போட்ட எல்லோரையும், தன்னையும் சேர்த்து, முணுமுணுத்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

சூரியன் மரத்து உச்சிக்கு வந்துவிட்டது. மினுக்கம் ஒவ்வொன்றாக அணைந்து, தரை மறுபடியும் தரை ஆகிக்கொண்டிருந்தது. வால்டாவுக்கு அது தெரியாது என்றாலும் முகத்தில் சூடு தெரிந்திருக்கும்.

"வெயில் ஏறிடுச்சு," என்றாள். "இனிமே ஒண்ணும் காட்டாது. வா, போலாம். பெட்டி கட்டி வெச்சிருக்கேன்."

கெரில் நிமிரவில்லை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேடிக்கொண்டிருந்தாள். தலைமுடி கண்ணை மறைத்துச் சேற்றில் தோய்ந்துகொண்டிருந்தது.

"இரும்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம் பாக்கறேன்."

வால்டா மகளின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.